ரோங்கெலாப்பின் 175 ராட்: யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள்?

பவளத்திட்டு (#1)

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அணுக்கரு பாடம் முடிந்ததும் காஸில் பிராவோ என்ற அமெரிக்க ஹைட்ரஜன் குண்டுச் சோதனையைப் பற்றி ஒரு வகுப்பு எடுக்கலாம் என்று படிக்க ஆரம்பித்தேன். 1954 மார்ச் 1, காலை 6.45, மார்ஷல் தீவுகளில் பிகினி. 5, 6 மெகாடன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வந்தது 15. லித்தியம்-6 மட்டும்தான் வேலை செய்யும், லித்தியம்-7 சும்மா கிடக்கும் என்று நம்பியிருந்தார்கள். அதுவும் டிரிட்டியத்தைக் கொடுத்துவிட்டது. இதுவரை புரிகிறது.

அடுத்த கட்டம்தான் பிடிபடவில்லை. பிகினிக்குக் கிழக்கே 150 கிலோமீட்டருக்கும் அப்பால் ரோங்கெலாப் பவளத்தீவு. அன்று அங்கே 64 பேர் இருந்தார்கள். பக்கத்து ஐலிங்கினேயில் 18 பேர். ரோங்கெரிக்கில் அமெரிக்க ராணுவத்தின் வானிலை நிலையம், 28 பேர். இன்னும் கிழக்கே உட்ரிக்கில் 150க்கும் மேற்பட்டவர்கள். எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் ஒரே எண்கள்: ரோங்கெலாப் 175 ராட் (உடம்பு உள்வாங்கிய கதிர்வீச்சின், அதாவது டோஸின், பழைய அலகு), ரோங்கெரிக் 78, ஐலிங்கினே 69, உட்ரிக் 14.

ரோங்கெலாப்பில் ஒருவர் உடம்பிலும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் கிடையாது. தீவில் ஒரு கருவியும் கிடையாது. அப்படியிருக்க 175 எங்கிருந்து வந்தது? பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். பதில் தெரிந்துகொண்டு வகுப்புக்குள் போக விரும்புகிறேன்.

---

அளவுகோல் (#2)

சார், பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விதான். நான் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

175 என்பது அளந்த எண் இல்லை, பின்னோக்கிப் போட்ட கணக்கு. மக்களைக் கப்பலில் ஏற்றிய பிறகு, வெடிப்பு மேகத்திலிருந்து கதிரியக்கச் சாம்பல் விழுந்து ஒரு வாரம் போல ஆன நிலையில், தீவில் மீட்டரைப் பிடித்து மணிக்கு எவ்வளவு என்று படித்தார்கள். அங்கிருந்து முதல் நாளுக்குத் திரும்ப நடந்தார்கள்.

அணுப்பிளவில் வரும் நூற்றுக்கணக்கான ஐசோடோப்புகள் கலந்து கிடக்கும்போது மொத்தக் கதிர்வீச்சு, நேரத்தின் -1.2 அடுக்கில் குறைகிறது. வகுப்பில் சொல்ல எளிய வடிவம் ஒன்று உண்டு: நேரம் 7 மடங்கானால் கதிர்வீச்சு வீதம் பத்தில் ஒன்றாகும். வெடித்து 7 மணி நேரத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான் 49 மணி நேரத்தில் இருக்கும். ரோங்கெலாப் மக்களுக்கு இந்த விதி அப்படியே பொருந்துகிறது. சாம்பல் வந்து சேர்ந்தது ஏறக்குறைய 5 மணி நேரத்தில், அவர்களை ஏற்றியது 50 மணி நேரம் கழிந்த பிறகு, மார்ச் 3 காலையில்.

மீட்டர் வாசிப்பு உறுதியானது, சிதைவு விதியும் உறுதியானது. கணக்கு ஆட்டம் காணும் இடம் வேறு: சாம்பல் எப்போது விழ ஆரம்பித்தது, எத்தனை மணி நேரம் விழுந்தது?

நீங்களே போட்டுப் பாருங்கள். வீதத்தைத் தொகையிட்டால் டோஸ், (தொடக்க நேரம் அடுக்கு -0.2) கழித்தல் (முடிவு நேரம் அடுக்கு -0.2) என்பதற்கு நேர்விகிதம். எல்லாச் சாம்பலும் 5ஆம் மணியில் ஒரேயடியாக விழுந்தது என்று வைத்தால் 0.725 - 0.457 = 0.268. எல்லாம் 10ஆம் மணியில்தான் விழுந்தது என்றால் 0.631 - 0.457 = 0.174. ஒரே மீட்டர் வாசிப்பு, ஒரே தீவு. விடைகள் இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வித்தியாசம்.

இந்த இடத்தில் உதவியது ரோங்கெரிக். வானிலைக்காரர்களிடம் தானாகப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்தது. அதன் உச்ச வரம்பு மணிக்கு 100 மில்லிராண்ட்ஜன் (ஏறக்குறைய 0.1 ராட்). வெடித்து ஏழு மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு முள் உச்சியைத் தொட்டு நின்றுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு போனது என்று கருவிக்குத் தெரியாது, ஆனால் எப்போது வந்தது என்று தெரியும். அங்கே பிலிம் பேட்ஜும் இருந்தது. ரோங்கெலாப்புக்குத் தொடக்க நேரம் சொன்னது மக்கள்தான்.

---

கருவேலம் (#3)

உங்கள் சூத்திரத்திலேயே ஒரு கேள்வி. அந்த 175இல் பாதி எப்போது உடம்பில் ஏறி முடிந்திருக்கும்?

---

அளவுகோல் (#4)

0.268இல் பாதி 0.134. 0.725இலிருந்து அதைக் கழித்தால் 0.591. நேரமாக மாற்றினால் 14 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. காலை 6.45க்கு வெடித்தது, அதாவது அன்றிரவு ஒன்பது மணிக்கு முன்பே பாதி டோஸ் ஏறிவிட்டது. முதல் நாள் இரவே கப்பல் வந்திருந்தால் மொத்தத்தில் பாதி தவிர்ந்திருக்கும்.

மார்ச் 2 மாலை இரண்டு பேர் மீட்டரோடு ரோங்கெலாப்பில் இறங்கினார்கள். அளந்தார்கள், தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சொன்னார்கள், கிளம்பிப் போய்விட்டார்கள். மக்கள் இன்னும் ஓர் இரவு அங்கேயே தூங்கினார்கள். ரோங்கெரிக்கில் இருந்த ராணுவத்தினரை அதற்கு முன்பே ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். இந்தச் சூத்திரத்தை எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் மனசு கொதிக்கிறது.

---

இரவுப்பணி (#5)

அளவுகோல் அண்ணா சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வந்த காமா கதிர். சரிதான். ஆனால் 175 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்தத் தீவில் நடந்த பெரிய பாதிப்பு கண்ணில் படாது. நான் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியன். தைராய்டு நோயாளிகளுக்கு அயோடின்-131 கொடுப்பது என் தினசரி வேலை. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

சாம்பல் விழுந்தபோது மக்கள் வெளியே இருந்தார்கள். சமையலும் சாப்பாடும் பெரும்பாலும் திறந்த வெளியில். குடிதண்ணீர் மழைநீர்த் தொட்டியில். சாப்பாட்டின் மேல் விழுந்தது, தொட்டியில் விழுந்தது, பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். அதில் இருந்த கதிரியக்க அயோடின் தைராய்டைத் தேடிப் போகும். தைராய்டுக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின் என்ற வித்தியாசம் தெரியாது.

எவ்வளவு போனது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சிறுநீரை வைத்து. வெடித்து ஏறக்குறைய 16 நாள் கழித்து, மக்களைக் கொண்டுபோய் வைத்திருந்த க்வாஜலீன் முகாமில் ரோங்கெலாப் பெரியவர்களிடம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் அயோடின்-131 எவ்வளவு என்று அளந்தார்கள். ரோங்கெலாப் தைராய்டுக் கணக்குகள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கலந்த சிறுநீரின் மேல்தான் நிற்கின்றன.

அதில் என்னென்ன குறை என்று என் வேலையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பதினாறாம் நாள் சிறுநீரில் வருவது, உள்ளே போனதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் துளியை அளந்து, பெரிய எண்ணால் பெருக்கித்தான் முதல் நாள் அளவுக்குப் போகிறோம். துளியில் சிறு பிசகு இருந்தால் விடையில் பெரிய பிசகு.

இரண்டாவது, கலந்த சிறுநீர். யார் அதிகம் சாப்பிட்டார், யார் வீட்டுக்குள் இருந்தார், எதுவும் அதில் தெரியாது. கிடைப்பது சராசரி மட்டும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சாம்பலில் அயோடின்-131 மட்டும் இல்லை. அயோடின்-133 இருந்தது, அரை ஆயுள் 21 மணி நேரம். அயோடின்-135, ஆறரை மணி நேரம். டெலூரியம்-132இலிருந்து பிறக்கும் அயோடின்-132, இரண்டேகால் மணி நேரம். இவை குறைந்த நேரத்தில் நிறையக் கதிரைக் கொட்டிவிட்டுப் போய்விடுபவை. 16 நாளில் அயோடின்-133, பதினெட்டு முறைக்கு மேல் பாதியாகிறது. இரண்டரை லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ரோங்கெலாப் தைராய்டு டோஸில் பெரும்பங்கைக் கொடுத்தவை இந்தக் குறுகிய ஆயுள் அயோடின்கள். ஆனால் சிறுநீர் பாட்டிலில் அவை இல்லவே இல்லை. அவற்றை முழுக்க முழுக்கக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அதற்கும் சாம்பல் வந்த நேரமும் சாப்பிட்ட நேரமும் தெரிய வேண்டும்.

அப்புறம் குழந்தைகள். பெரியவரின் தைராய்டு 20 கிராம் போல இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு 2 கிராம்கூட இருக்காது. ஒரே அளவு அயோடின் உள்ளே போனாலும் குழந்தையின் சுரப்பிக்குப் பத்து மடங்கு டோஸ். 1985இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லெஸ்ஸார்டு குழு மறுபடி போட்ட கணக்கில் ரோங்கெலாப் பெரியவர்களுக்கு 10 கிரேக்கு மேல், ஒரு வயதுக் குழந்தைக்கு 50 கிரே என்று வந்தது. 50 கிரே என்றால் 5,000 ராட். முதல் பதிவின் 175ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

பவளத்திட்டு (#6)

இரவுப்பணி, இதை எந்த அறிமுகக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை. 5,000 ராட் என்றால் உடனே தெரிந்திருக்க வேண்டாமா?

---

இரவுப்பணி (#7)

தைராய்டு அப்படிச் சாகாது சார். மெதுவாகத்தான் காட்டும். முதல் கட்டி தெரிந்தது 1963இல், 12 வயதுச் சிறுமிக்கு. அதன் பிறகு வரிசையாக வந்தன. பத்து வயதுக்குள் சாம்பலில் மாட்டிய ரோங்கெலாப் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தைராய்டில் ஏதோ ஒரு கோளாறு. குழந்தையாக இருந்த இரண்டு பையன்களுக்குச் சுரப்பி கிட்டத்தட்ட வேலை செய்யாமலே போய், வளர்ச்சி நின்றுவிட்டது. ஒன்பது வருடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இடத்தில் நோய் வந்தது. அதன் பிறகுதான் தைராய்டுக் கணக்கைத் தீவிரமாகப் போட ஆரம்பித்தார்கள். நோயாளியைப் பார்த்து டோஸைத் திருத்திய வரலாறு இது.

---

நெய்தல் (#8)

இரவுப்பணி எழுதியதில் ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: “சாப்பிட்ட நேரமும் தெரிய வேண்டும்.”

லெஸ்ஸார்டு குழு எந்த ஊகத்தின் மேல் கணக்குப் போட்டது தெரியுமா? சாம்பல் விழும்போது மதியச் சாப்பாடு திறந்தவெளியில் இருந்தது, அதோடு சேர்ந்து உள்ளே போனது என்ற ஊகம். சுவாசத்தைவிட அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் முக்கிய வழி. இதை எந்தக் கருவியும் சொல்லவில்லை. சாப்பிட்டவர்கள்தான் சொன்னார்கள். அதனால் “மக்கள் சாட்சியம் ஒரு பக்கம், விஞ்ஞானம் ஒரு பக்கம்” என்று பிரித்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை. டோஸ் கணக்கின் உள்ளேயே அவர்கள் வாக்குமூலம் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று, தோலில் ஒட்டிய சாம்பலின் கதிரால் வந்த தீப்புண். தலை, கழுத்து, தோள், முழங்கை மடிப்பு, பாதத்தின் மேல்புறம். வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் காலில். இரண்டு வாரத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ரோங்கெரிக் ராணுவத்தினருக்குப் புண் மிகவும் குறைவு, ஏனென்றால் அவர்கள் கூடுதலாக ஆடை போட்டுக்கொண்டு, தகரக் கட்டடத்துக்குள் போய், குளித்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரோங்கெலாப்பில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

இன்னும் கசப்பான ஒன்று. 1956 ஜனவரியில் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஆலோசனைக் குழு கூடியது. ஆணையத்தின் ஆய்வகத்தை நடத்திய மெரில் ஐசன்பட், மக்கள் ஏற்கெனவே திரும்பிப் போயிருந்த உட்ரிக்கைப் பற்றிப் பேசினார். உலகிலேயே மிக மாசடைந்த இடம் அது, அங்கே வாழும் மக்களிடமிருந்து நல்ல தரவு கிடைக்கும் என்றார். இவர்கள் நாகரிக மனிதர்களைப் போல வாழ்வதில்லை என்பது உண்மைதான், ஆனால் எலிகளைவிட நமக்கு நெருக்கமானவர்கள் என்றும் சொன்னார். கூட்டக் குறிப்பிலேயே இருக்கிறது. அடுத்த வருடம், 1957இல், ரோங்கெலாப் மக்களையும் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். டோஸ் கணக்கைப் படிக்கும்போது அதைப் போட்ட நிறுவனம் எது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

---

நேர்கோடு (#9)

உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்போம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2010இல் முழுக் கணக்கை வெளியிட்டது. 1948க்கும் 1970க்கும் இடையில் மார்ஷல் தீவுகளில் வாழ்ந்த சுமார் 25,000 பேருக்கு, எல்லாச் சோதனைகளாலும் வாழ்நாள் முழுவதும் கூடுதலாக வரக்கூடிய புற்றுநோய் சுமார் 170. கதிர்வீச்சே இல்லாவிட்டாலும் வரக்கூடியது 10,600 போல. அதாவது 1.6 சதவீதம். இதை எப்படிப் பேரழிவு என்று சொல்கிறோம்? குறை சொல்லக் கேட்கவில்லை, எண் அடிப்படையில் கேட்கிறேன்.

---

அளவுகோல் (#10)

எண் சரி. அதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் பிரச்சினை. 25,000 பேரில் பெரும்பாலோர் மஜுரோ போன்ற தெற்குத் தீவுகளில் இருந்தவர்கள். அவர்களின் வெளி டோஸ் சுமார் 10 மில்லிகிரே. ரோங்கெலாப்பில் 1.6 கிரே. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசமுள்ள இரண்டு கூட்டத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டு பேருடைய கதையும் அதில் இருக்காது. அதே ஆய்வைத் தீவுவாரியாகப் படியுங்கள்: ரோங்கெலாப், ஐலிங்கினேயில் மாட்டிய 82 பேரிடம் வரும் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் சாம்பலால் வந்தவை. தெற்குத் தீவுகளில் ஒரு சதவீதத்துக்கும் கீழ்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே நிறுவனம் 2004இல் கொடுத்த முதல் மதிப்பீடு 500க்கும் மேல். ஆறு வருடத்தில் 170 ஆனது. யாரும் ஏமாற்றவில்லை. முதல் தடவை அவசரமாக, பாதுகாப்பான பக்கம் சாய்ந்து போட்டார்கள். இரண்டாம் தடவை நல்ல தரவோடு போட்டார்கள். ஆனால் ஊகங்கள் மாறும்போது விடை மூன்றில் ஒன்றாகக் குறையக்கூடிய கணக்கு இது. வெளி டோஸ் மட்டும் எப்படி நிலையாக இருக்கிறது பாருங்கள்: 1954இல் 1.75 கிரே (175 ராட்), 2010இல் 1.6. நான்காவது வாரத்தில் ரத்தத் தட்டணுக்கள் சாதாரண அளவில் 30 சதவீதத்துக்கு இறங்கியதும் அதோடு ஒத்துப்போகிறது. தைராய்டு எண் அப்படியில்லை. 2010இல் ரோங்கெலாப் பெரியவர்களுக்கு 7.6 கிரே, லெஸ்ஸார்டு சொன்னதைவிடக் குறைவு. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லாதீர்கள் சார்.

---

நெய்தல் (#11)

நேர்கோடு, “கதிர்வீச்சே இல்லாவிட்டால்” என்ற ஒப்பீட்டையும் கொஞ்சம் கிளற வேண்டும். ஒப்பிட யாரை எடுத்தார்கள்? புரூக்ஹேவன் மருத்துவர்கள், சாம்பல் விழுந்த நாளில் வேறு தீவில் இருந்த ரோங்கெலாப் உறவினர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்தார்கள். அவர்களும் 1957இல் அதே தீவுக்குத் திரும்பி, அதே தேங்காயையும் நண்டையும் சாப்பிட்டார்கள். 1987இல் ஹாமில்டன் குழு 7,266 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், பாதிப்பே இல்லை என்று கருதப்பட்ட தீவுகளிலும் தைராய்டுக் கட்டிகள் இருந்தன, பிகினியிலிருந்து தூரம் கூடக் கூடக் குறைந்தன. பின்னால் வந்த ஜப்பானிய ஆய்வில் அந்தத் தூரத் தொடர்பு அவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் முடியாத வாதம் அது. ஆனால் சுத்தமான ஒப்பீட்டுக் குழு ஒன்று இருந்தது என்ற நம்பிக்கையோடு சதவீதம் போடக்கூடாது.

---

பவளத்திட்டு (#12)

ரோங்கெலாப்புக்காவது மீட்டர் வாசிப்பும் சிறுநீரும் உண்டு. மற்ற இருபதுக்கும் மேற்பட்ட பவளத்தீவுகளுக்கு எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? அங்கே அன்று யாரும் அளக்கவில்லையே?

---

அளவுகோல் (#13)

மண்ணை வைத்து. சீசியம்-137இன் அரை ஆயுள் 30 வருடம், அதனால் அது மண்ணில் தங்கியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் மார்ஷல் தீவுகள் அரசே பணம் போட்டு, ஸ்டீவன் சைமன் தலைமையில் நாடு முழுவதும் மண் மாதிரி எடுத்தார்கள். ஓரிடத்தில் சீசியம் எவ்வளவு என்று தெரிந்தால், எந்தச் சோதனையில், எத்தனை மணி நேரத்தில் சாம்பல் வந்தது என்பதை வைத்து, அதோடு விழுந்து மறைந்துபோன அயோடின் எவ்வளவு இருந்திருக்கும் என்று விகிதக் கணக்குப் போடலாம். 2010 ஆய்வில் அப்படி 20 சோதனைகளுக்கு 63 கதிரியக்க ஐசோடோப்புகளைக் கணக்கிட்டார்கள். மொத்தம் நடந்தது 67 சோதனைகள். மக்கள் வாழும் தீவுகளில் பெரிய அளவில் விழுந்தது இந்த 20இல்.

---

மண்புழு (#14)

மண் என்றதும் உள்ளே வருகிறேன். நான் வேளாண் துறை, மண்ணியல் படித்தவன்.

பவளத்தீவு மண் நம் செம்மண், கரிசல் மாதிரி இல்லை. கிளிஞ்சல், பவளத் துகள், கொஞ்சம் மக்கு. களிமண் கிடையாது, பொட்டாசியம் மிகக் குறைவு. களிமண் இருந்தால் சீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே பிடிக்க ஆளில்லை. வேருக்குப் பொட்டாசியப் பசி; சீசியம் பொட்டாசியத்தின் குடும்பம்; அதை அள்ளி எடுத்துத் தேங்காய்க்குள் ஏற்றிவிடுகிறது. கண்டத்து மண்ணில் எடுத்த எண்ணை வைத்து இந்தத் தீவுகளின் உணவைக் கணக்கிட்டால் விடை பல மடங்கு குறைவாக வரும். பிகினியில் அதைத்தான் பார்த்தோம். 60களின் கடைசியில் பாதுகாப்பானது என்று சொல்லி மக்களைக் குடியேற்றினார்கள். நட்ட தென்னை காய்க்க ஆரம்பித்ததும் உடம்பில் சீசியம் ஏறியது. 1978இல் மறுபடி வெளியேற்றினார்கள்.

லிவர்மோர் ஆய்வகத்தின் வில்லியம் ராபிசன் பிகினித் தோப்பில் பொட்டாசியம் குளோரைடு உரம் போட்டுப் பார்த்தார். நம் ஊரில் மூட்டையில் வாங்குகிற அதே பொட்டாஷ். தேங்காயில் சீசியம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டால் தீவில் இருக்கும் கொஞ்சம் மக்கும் போய்விடும், பிறகு ஒன்றும் விளையாது. உரம் போடுவது அதைவிட நல்ல வழி. எதிர்கால டோஸைக் குறைக்க ஒரு விவசாயி செய்யக்கூடிய வேலை இது என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை.

---

தென்கடல் (#15)

பிரெஞ்சு பாலினேசியாவையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே மொருரோவா, ஃபங்காடாவ்ஃபாவில் 1966 முதல் 1996 வரை 193 சோதனைகள். 1974 வரை காற்றுவெளியில். 1974 ஜூலை 17 சென்டோர் சோதனையின் மேகம் எதிர்பார்த்த திசையில் போகாமல் தாஹித்திக்கு வந்தது. பிரான்சின் அணுசக்தி ஆணையம் 2006இல் டோஸ் மதிப்பீடுகளை வெளியிட்டது. 2021இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த செபாஸ்தியன் ஃபிலிப் குழு, ரகசியம் நீக்கிய ஆவணங்களை வைத்து மறுபடி கணக்கிட்டது. சில சோதனைகளுக்கு 2 முதல் 10 மடங்கு வரை அதிகமாக வந்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று மழைநீர்: தொட்டித் தண்ணீரைக் குடித்தவர்களை முந்தைய கணக்கு சரியாகச் சேர்க்கவில்லை.

இது வெறும் கல்வி விவாதம் இல்லை. பிரான்சில் 2010இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தும் ஆரம்ப வருடங்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. பிறகு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் (காமா கதிருக்கு ஏறக்குறைய 0.1 ராட்) என்ற கோடு வந்தது. அதற்குக் கீழே வாங்கினார் என்று அரசு காட்டினால் இழப்பீடு இல்லை. ஃபிலிப் குழுவின் கணக்கில் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கக்கூடியவர்கள் சுமார் 1,10,000 பேர். தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற ஒரு முடிவில் ஒரு குடும்பத்தின் மனு நிற்கிறது, விழுகிறது.

---

நெய்தல் (#16)

மார்ஷல் தீவுகளில் இதை வேறு மாதிரி செய்தார்கள். 1988இல் அமைந்த அணு இழப்பீட்டுத் தீர்ப்பாயம், நோய்ப் பட்டியல் ஒன்றை வைத்தது. சோதனைக் காலத்தில் நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள், பட்டியலில் உள்ள நோய் வந்தது என்றால் போதும். உங்கள் டோஸ் எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அளக்காதது மக்கள் குற்றமில்லையே. என் மனசுக்கு நியாயமான வழி அதுதான். ஆனால் கஜானாவில் அமெரிக்கா 15 கோடி டாலர்தான் போட்டது. நில இழப்பையும் சேர்த்துத் தீர்ப்பான தொகை 200 கோடி டாலரைத் தாண்டியது. பெரும்பகுதி இன்றுவரை கொடுபடவில்லை.

ரோங்கெலாப்காரர்கள் யார் எண்ணையும் நம்பாமல் 1985 மே மாதம் தாங்களாகவே தீவை விட்டுக் கிளம்பினார்கள். அரசு கப்பல் தரவில்லை. கிரீன்பீஸ் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பல் வந்து, வீட்டுப் பலகை முதற்கொண்டு ஏற்றி, மெஜாட்டோ என்ற வேறு தீவுக்குக் கொண்டுபோய் விட்டது.

---

நேர்கோடு (#17)

தீவுவாரியாகப் படித்துப் பார்த்தேன். 82 பேரின் எண் கனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கேள்வி: பல்லிலிருந்து டோஸ் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறதே, அதைச் செய்தால் சண்டையே முடிந்துவிடாதா?

---

இரவுப்பணி (#18)

பல் எனாமல் வெளிக் கதிரின் தடத்தை வைத்திருக்கும், உண்மை. ஆனால் 100 மில்லிகிரேயை நெருங்கினால்தான் நம்பிச் சொல்லலாம். ரோங்கெலாப்புக்கு உதவும், ஆனால் அங்கே வெளி டோஸ் ஏற்கெனவே உறுதியானது. மஜுரோ அளவுக்குப் பல் போதாது. எல்லாவற்றையும்விட, பல்லுக்குத் தைராய்டு என்ன வாங்கியது என்று தெரியாது. நமக்குச் சந்தேகம் இருப்பது அந்த இடத்தில்தான்.

---

பவளத்திட்டு (#19)

நேற்று வகுப்பு எடுத்தேன். 14ஆம் மணிக் கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். ஒரு மாணவி அதோடு நிற்காமல் உட்ரிக்குக்கும் போட்டாள். சாம்பல் வந்தது 22ஆம் மணியில், ஏற்றியது 78ஆம் மணியில். வித்தியாசம் 0.12. பிறகு, சுமார் 3 மாதத்தில் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள் என்று படித்துவிட்டு, 90ஆம் நாளிலிருந்து முடிவிலி வரை போட்டால் 0.215 வருகிறது என்கிறாள். சாம்பல் விழுந்த நாட்களில் வாங்கியதைவிடத் திரும்பிப் போன பிறகு வாங்கியது அதிகமா? சூத்திரத்தில் தப்பா, அவள் சொல்வது சரியா?

---

அளவுகோல் (#20)

கெட்டிக்காரப் பெண். கணக்கு சரி, சூத்திரத்தின் எல்லையைத் தாண்டிவிட்டாள். -1.2 விதி முதல் ஆறு மாதம் போலத்தான் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு உண்மையான கதிர்வீச்சு அந்தக் கோட்டைவிட வேகமாக இறங்கும். மழையும் சீசியத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும். ஆகவே 0.215 என்பது உச்ச வரம்பு, உண்மை அதைவிடக் குறைவு.

ஆனால் அவள் பிடித்த விஷயம் உண்மையானது. உட்ரிக்குக்குச் சொல்லும் 14 ராட், தீவை விட்டு ஏற்றும் வரைக்குமான கணக்கு மட்டும். திரும்பிப் போன பிறகு மண்ணிலிருந்து வந்ததும், நண்டிலும் தேங்காயிலும் வந்ததும், தைராய்டும் அதில் இல்லை. 14 தானே என்று உட்ரிக்கைப் பல வருடம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 70களின் பிற்பகுதியில் அங்கேயும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தைராய்டுப் புற்றுநோய் வந்ததால்தான் லெஸ்ஸார்டு குழு எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட்டது.

அவளிடம் அடுத்த வேலை கொடுங்கள் சார்: 90ஆம் நாளிலிருந்து 180ஆம் நாள் வரை மட்டும் போடச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில் விதியை நம்பலாம். 0.028 வரும், அதாவது சாம்பல் விழுந்த நாட்களில் வாங்கியதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, வெறும் மூன்று மாதத்தில். விடையை இங்கே போடுங்கள், அதற்கு மேல் சீசியத்தின் 30 வருடத்தை எப்படிச் சேர்ப்பது என்று பார்க்கலாம்.